இரண்டு நூல் மரம்: பழைய ஓக் தரையைத் தேய்த்துப் புதுப்பித்த பதிவு

கடைசிப் பூச்சு காய்ந்து, சோபாவும் உள்ளே வந்தாயிற்று. அளவுகளும் செலவும் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன். இதே மாதிரி தரை வீட்டில் இருந்து, செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

வீடு டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில். 1950களில் கட்டிய சின்ன பங்களா. நாங்கள் வாங்கியபோது சுவருக்குச் சுவர் பழுப்பு நிறக் கார்ப்பெட். மூலையைக் கிளப்பிப் பார்த்தால் கீழே ரெட் ஓக் பலகை. இரண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டிய நாக்கை அடுத்ததன் காடிக்குள் கோத்துச் செருகியது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இதே தரைதான். தேக்கைவிடக் கெட்டியான மரம். கூடம், சாப்பாட்டு இடம், நடைவழி எல்லாம் சேர்த்து 340 சதுர அடி. ஆள் வைத்துச் செய்தால் 1,870 டாலர், வரி தனி என்றார்கள். நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

தேய்க்கும் மெஷின் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது. முக்கால் அங்குலப் பலகை என்றாலும் அத்தனையையும் தேய்க்க முடியாது. நாக்குக்கு மேலே இருக்கிற மரம்தான் கணக்கு. புதிதில் அது கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட (சுமார் ஆறரை மி.மீ.), நம் ஆசாரிகள் கணக்கில் இரண்டு நூலும் சொச்சமும். அதற்குக் கீழே நாக்கில் ஆணி. அதுவரை தேய்த்துவிட்டால் தரை முடிந்தது, பிறகு பிடுங்கிப் போடுவதுதான். இதை அளக்கத் தரையை எங்கும் குடைய வேண்டியதில்லை. சூடான காற்று வரும் தரைத்துளையின் இரும்புச் சல்லடையைத் தூக்கினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். வெர்னியர் காலிப்பரை வைத்தேன். கூடத்தில் 5.5 மி.மீ., வாசல் பக்கம் 5க்குச் சற்றுக் குறைவு. அதாவது யாரோ ஏற்கெனவே ஒரு தடவை தேய்த்திருக்கிறார்கள். ஒரு முழுச் சுற்றுத் தேய்ப்புக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். இன்னும் சில முறைக்கு இடம் இருக்கிறது, ஆனால் ஊதாரித்தனத்துக்கு இடமில்லை. கறை போகவில்லையே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று துரத்தக் கூடாது என்பதை அப்போதே தீர்மானித்துக்கொண்டேன்.

அடுத்தது பழைய பூச்சு என்ன வகை என்பது. சுவர் அலமாரிக்குள், தரையில் யாரும் பார்க்காத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அது அரக்குப் பாலிஷ். நகத்தால் சுரண்டும்போது மெழுகு மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் மெழுகுப் பூச்சு, அதை முதலில் துடைத்து எடுத்தாக வேண்டும். என் தரையில் இரண்டும் இல்லை. ஏதோ எண்ணெய் வார்னிஷ், மஞ்சள் பாரித்து, நடமாட்டம் உள்ள இடத்தில் சுத்தமாகத் தேய்ந்துபோய் மரம் சாம்பல் நிறமாகியிருந்தது.

கார்ப்பெட் பிடுங்குவது சுலபம். பிளேடால் முழங்கை அகலத்துக்குக் கீறிச் சுருட்டிக் கட்டிவிடலாம். அதற்கடியில் இருக்கும் ஸ்பாஞ்சைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்கள்தான் பிராணனை வாங்கின. சுவரோரம் நெடுக ஆணி முளைத்த பட்டைச் சட்டம் வேறு. ஒரு பின் விடாமல் எடுக்க வேண்டும். விட்டுப்போன ஒரே ஒரு பின் மெஷின் உருளையில் சுற்றிய உப்புத்தாளை நீளவாக்கில் கிழித்துவிடும், தாள் ஒன்று எட்டு டாலர். முழங்காலில் உட்கார்ந்து, விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பார்த்தால் பின் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். தலை தூக்கிய ஆணிகளை மொட்டை முனைக் குத்துக்கம்பி வைத்து ஒரு நூல் ஆழத்துக்கு இறக்கினேன்.

சுவரடிச் சட்டத்தை ஒட்டிய கால்வட்ட மரச்சட்டத்தை மட்டும் கழற்றி, பின்புறம் எண் போட்டு அடுக்கினேன். பெரிய சட்டத்தைத் தொடவில்லை. இந்த வயது வீடுகளில் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்கிக் குழந்தைகள் உள்ள வீட்டில் பரப்புவது மடத்தனம். வாசல் அலமாரிக்குள் 9 அங்குலச் சதுர ஓடு, அதற்கடியில் கறுப்புப் பசை. அந்தக் காலத்து ஓட்டிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த அலமாரியை அப்படியே மூடிவிட்டு மறந்துவிட்டேன்.

தூசிக்கு: வாசல்களில் இரட்டை பிளாஸ்டிக் தாள், காற்றுத் துளைகள் எல்லாவற்றுக்கும் டேப், ஹீட்டர் மின்விசிறி அணைப்பு. முகத்துக்கு இரண்டு பக்கம் வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி. ஓக் தூள் சும்மா தும்மல் வரவைக்கிற சமாசாரம் இல்லை. மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகையிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. காகித முகமூடி போதாது.

டிரம் சாண்டரை வாடகைக்கு எடுத்தேன். நாள் வாடகை 80 டாலர். காரில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். 8 அங்குல உருளை, அதைச் சுற்றி உப்புத்தாள், பின்னால் ஒரு துணிப்பை. வீட்டில் சொருகிய உடனே பிரேக்கர் விழுந்தது. மறுபடி போட்டால் ஓடியது, ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து இழுத்து. காரணம் தோட்டத்துக்கு வைத்திருந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர். நீளமும் மெலிவும் சேர்ந்தால் மின்னழுத்தம் விழும், மோட்டார் சூடாகும், கரன்ட் கூடுதலாக இழுக்கும். 12 கேஜ் தடி வயர் வாங்கி, வேறு எதுவும் ஓடாத ஒரு தனிச் சர்க்யூட்டில் சொருகிய பிறகு சத்தமே மாறிவிட்டது. வயரைத் தோளுக்கு மேலே போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். தரையில் கிடந்தால் உருளை தின்றுவிடும்.

அடுத்த தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். தரை போடும் தொழிலிலேயே தலை நரைத்தவர். மெஷின் வந்த சத்தம் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, இதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு இடத்தில நிக்கக் கூடாது. நடந்துகொண்டே இறக்கோணும், நடந்துகொண்டே தூக்கோணும். நிண்டால் குழிதான், பிறகு அந்தக் குழிக்காக முழுத் தரையையும் இறக்கோணும்."

"எந்தத் தாள்ல ஆரம்பிக்கலாம் அண்ணே?"

"தரை சொல்லும்," என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் அது சரியான பதில் என்று பிறகு தெரிந்தது.

மரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 60 நம்பர் தாளில் ஆரம்பித்தேன் (நம்பர் குறையக் குறையத் தாள் கரடு). இரண்டு நீளம் ஓடுவதற்குள் தாளில் பழைய வார்னிஷ் உருகி, தார் மாதிரி அப்பிக்கொண்டது. அப்பின தாள் தேய்க்காது, சூடேறி மரத்தில் பளபளப்பாகத் தீய்க்கும். 36க்கு மாறினேன். பரபரவென்று எடுத்தது, தாளும் அடைக்கவில்லை. நைஸ் தாளில் பத்து முறை ஓடுவதைவிடக் கரடுத் தாளில் இரண்டு முறை ஓடுவது மரத்தைக் குறைவாகவே தின்கிறது. மிச்சம் பிடிக்க நினைத்து நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஓடும் முறை இதுதான். பலகையின் நீளவாக்கில், ரேகையோடு. அறையின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு ஒரு திசையில் முடித்துவிட்டு, திரும்பி நின்று மிச்சப் பங்கை எதிர்த்திசையில். இரண்டும் சேருகிற இடம் ஒன்றின் மேல் ஒன்று ஓரிரு அடி ஏற வேண்டும், எல்லா வரிசையிலும் ஒரே கோட்டில் சேரக் கூடாது, முன்பின்னாகத் தள்ளித் தள்ளிச் சேர வேண்டும். முன்னே போன தடத்திலேயே பின்னே வந்து, பிறகு நான்கு அங்குலம் நகர்ந்து அடுத்த தடம். வேகம் என்பது சாவகாசமாகக் கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகம், அதே சீரில். தரையெங்கும் பென்சிலால் கிறுக்கிவைத்துக்கொள்வது நல்ல வழி. கிறுக்கல் மிச்சமுள்ள இடம் பள்ளம், இன்னும் தாள் படவில்லை என்று அர்த்தம்.

டிரம் போகாத இடம் சுவரோரம் நான்கைந்து அங்குலம். அதற்கு எட்ஜர், 7 அங்குல வட்டத் தாள் சுற்றும் மெஷின். டிரம்மோடு நிமிர்ந்து நடக்கலாம். எட்ஜரோடு குனிந்தபடி, கால்களுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஊர வேண்டும். "ஓரத்துக்குத்தான் நாரி முறியும்" என்று அண்ணன் சொன்னது பொய்யில்லை (நாரி என்றால் இடுப்பு). டிரம் வேலை அரை நாள், ஓர வேலை அதைப்போல இரண்டு பங்கு. மூலைகளுக்கு எட்ஜரும் போகாது. அங்கே கைச் சுரண்டிதான். பிளேடை அரத்தில் தீட்டித் தீட்டி, ரேகையோடு தன் பக்கமாக இழுக்க வேண்டும். தீட்டின பிளேடு காகிதம் மாதிரி சுருளாக உரிக்கும். மழுங்கினால் தூள்தான் வரும். தூள் வந்தால் உடனே அரத்தை எடுங்கள், கையை அழுத்தாதீர்கள்.

36 முடிந்ததும் மரத்தின் உண்மை நிறம் தெரிந்தது, கூடவே கறுப்புக் கறைகளும். சுவரோரம் நெடுக, கார்ப்பெட் ஆணிகள் இருந்த இடத்தில் மிளகளவு கறுப்பு வட்டங்கள். சாப்பாட்டு இடத்து ஜன்னல் கீழே இரண்டு கையகலத்துக்கு ஒரு பெரிய கறுப்பு. முன்பிருந்தவர்களின் பூனை உபயம். ஓக் மரத்தில் துவர்ப்புப் பொருள் உண்டு. ஈரமும் இரும்பும் அதோடு சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதியைப் போட்டு மை காய்ச்சுவார்களே, அதே வேலை தரைக்குள் நடந்திருக்கிறது. இதைத் தேய்த்து எடுக்க முடியாது, மை ஆழமாக இறங்கியிருக்கும். ஆக்ஸாலிக் அமிலத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, கையுறை போட்டு, தூரிகையால் பலகை முழு அகலத்துக்கும் பூசினேன். ஆணி வட்டங்கள் கண் முன்னால் வெளுத்தன, ஒரு இரவில் அநேகமாகப் போயேவிட்டன. பிறகு நல்ல தண்ணீரில் பல தடவை துடைக்க வேண்டும், காய்ந்த அமிலத் தூளை மூச்சில் இழுக்கவே கூடாது. பூனைக் கறை மட்டும் கறுப்பிலிருந்து காப்பிப்பொடி நிறத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பலகையை வெட்டி மாற்றலாம், அல்லது அந்த இடத்தை மட்டும் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குடைந்து பள்ளமாக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சோபா அங்கேதான் வரும்.

இன்னொன்றையும் வேண்டுமென்றே விட்டேன்: பலகை இடுக்குகள். சில இடங்களில் பத்து சென்ட் நாணயம் நுழையும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் இந்த ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக்குள் காற்று வறண்டு பலகை சுருங்கும், கோடைப் புழுக்கத்தில் விரியும். அடைத்ததைப் பலகையே கோடையில் நசுக்கிக் குளிர்காலத்தில் உதிர்க்கும். ஆணித் துளைகளை மட்டும் அடைத்தேன்.

பிறகு 60, அதன் பிறகு 100. ஒவ்வொரு நம்பருக்கும் டிரம் முடிந்ததும் அதே நம்பரில் எட்ஜர். 36 தாள் போட்ட கீறலை 100 தாள் அழிக்காது, 60தான் அழிக்கும். 60 போட்டதைத்தான் 100 அழிக்கும். கூடத்தில் ஒழுங்காகச் செய்தேன். நடைவழி ஓரத்தில் மட்டும், சாயங்காலம் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசரத்தில், எட்ஜரில் 36லிருந்து நேரே 100க்குத் தாவினேன். வெறும் மரத்தில் எதுவும் தெரியவில்லை. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய வார்னிஷ் கலந்த தூள் துணிப்பையிலேயே கிடந்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். ராத்திரி வீட்டுக்குள் விடவே கூடாது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பினதும் வெளியே கொண்டுபோய், வீட்டைவிட்டுத் தள்ளிவைத்த மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டினேன்.

கடைசி மெஷின் பஃபர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தரை துடைப்பார்களே, அதேதான். கீழே 120 நம்பர் வலைத்தாள். டிரம்மும் எட்ஜரும் விட்ட வித்தியாசத்தை இது ஒன்றாகக் கலந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் அது என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் மோதியது. தள்ளினால் வராது. கைப்பிடியை ஒரு நூல் தூக்கினால் வலப்பக்கம் போகும், ஒரு நூல் தாழ்த்தினால் இடப்பக்கம் போகும். இடுப்பில் கைப்பிடியை ஊன்றிக்கொண்டு தூக்கித் தாழ்த்தினால் தானாக அசைந்து அசைந்து போகிறது. மூன்று மெஷினில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பூச்சுக்கு வந்தால், மனசு அரக்குப் பக்கம்தான் போனது. இன்னொரு அலமாரிக்குள் பூசிப் பார்த்தேன், அந்தத் தேன் நிறத்துக்கு ஈடில்லை. ஆனால் 340 சதுர அடியில் ஸ்பிரிட் ஆவி எழும்பும்போது கீழ்த்தளத்தில் சுடுதண்ணீர்த் தொட்டியின் காஸ் சுடர் எரிந்துகொண்டிருக்கும். அணைக்கலாம், ஆனால் பூச்சுக்குப் பூச்சு அணைத்து ஏற்ற வேண்டும். எண்ணெய் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வார்னிஷுக்கும் அதே கதை, மேலும் நாற்றம். தண்ணீர் பாலியூரித்தேன் வாசனை குறைவானது, ஆனால் ரெட் ஓக்கை வெளுத்த ரோஸ் நிறத்திலேயே விட்டுவிடும். நடுவழியாக, தண்ணீரில் கரையும் எண்ணெய்க் கலப்புப் பாலியூரித்தேனை எடுத்தேன். லேசாகப் பொன்னிறம் ஏறும், சில மணி நேரத்தில் அடுத்த பூச்சு பூசலாம்.

தண்ணீர்ப் பூச்சு என்றால் இரும்புக் கம்பிப் பஞ்சைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. உதிர்கிற இரும்புத் துணுக்கு ஈரத்தில் ஓக் மேல் பட்டால் மறுபடி அதே கறுப்பு மைதான், இந்தத் தடவை பூச்சுக்கு அடியில். டப்பாவைக் குலுக்காமல் கலக்க வேண்டும், குலுக்கினால் நுரை. ஜன்னல் பக்கம் ஆரம்பித்து வாசலைப் பார்த்துப் பின்வாங்கியபடி, நீளக் கம்பில் 18 அங்குலப் பட்டையால் ரேகையோடு இழுத்துவிட வேண்டும். விளிம்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்த வரிசை வந்து சேர வேண்டும். ஒரு மயிர், ஒரு கொசு விழுந்தால் விழட்டும், திரும்பிப் போய் எடுக்கப் போனால் அந்தத் தடம்தான் பெரிதாகத் தெரியும்.

முதல் பூச்சு காய்ந்தது. கூடம் கண்ணாடி. நடைவழி ஓரத்தில் மட்டும் நெடுக வட்டம் வட்டமாகச் சுருள் கீறல்கள். பூச்சு ஈரம் மரத்துக்குள் போனதும் 36 போட்ட ஒவ்வொரு கீறலும் கோலம் போட்ட மாதிரி எழுந்து நின்றது. எட்ஜரை மறுபடி எடுத்துவந்து, அந்த ஓரத்தை 60லிருந்து திரும்பச் செய்து, கையடக்கச் சாண்டரில் 100 போட்டு, பூச்சையும் திரும்பப் பூசினேன். பூச்சு பூசுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம்: ஈரத்துணியால் ஓரத்தைத் துடைத்து, விளக்கைப் படுக்கவைத்துப் பார்த்தால் சுருள் எல்லாம் அப்போதே தெரியும். பூச்சுக்குப் பூச்சு 220 வலைத்தாளில் லேசாக உரசி, தூசி உறிஞ்சி, ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். மொத்தம் மூன்று பூச்சு. முடிந்தபின் காற்றுத்துளையில் மறுபடி அளந்தேன்: 4.9 மி.மீ. ஆக 0.6 செலவு.

காசுச் செலவு இது. மூன்று மெஷின் வாடகை, எட்ஜர் இரண்டாம் முறை உட்பட, 225 டாலர். தாள்கள், வட்டங்கள், வலைகள் 161. மூன்று கேலன் பூச்சு 240. சுரண்டி, முகமூடி, அமிலத் தூள், பிளாஸ்டிக், பட்டை எல்லாம் 145. வரியோடு 870 டாலர் சொச்சம். தடி வயர் கணக்கில் இல்லை, அது கராஜுக்கு எப்படியும் வேண்டியிருந்தது. பிரிக்காத தாள்களைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் எல்லா நம்பரிலும் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது இரண்டு படுக்கையறைகள். அங்கே டிரம் எடுக்கப்போவதில்லை. அளந்து பார்த்தால் கார்ப்பெட்டுக்குக் கீழே தேய்மானம் கம்மி, பூச்சு மட்டும்தான் மஞ்சளித்திருக்கிறது. நான்கு வட்டத் தலை உள்ள அதிர்வுச் சாண்டர் ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது, மெதுவாகத்தான் தேய்க்கும், ஆனால் நின்றாலும் குழி விழாது. எட்ஜரை இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுத்து, ஓரத்தை முதல் நாளே முடித்துவிட்டு, நடுவை மறுநாள் வைத்துக்கொள்ளப்போகிறேன். ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதிகளை இன்னும் சில வாரம் வெளியே வைத்திருக்க வேண்டும், பூச்சு முழுசாக இறுகும் முன் போட்டால் அடையாளம் விழும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டியாயிற்று. சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் இன்னும் வாங்கவில்லை.